பின்படியில் பத்தொன்பது சென்ரிமீற்றர்

பெப்ரவரி 3, செவ்வாய்

அகதி வழக்கு நடந்த காலத்தில் என் வழக்கறிஞர் ஒரு புத்தி சொன்னார்: எதையும் திகதி போட்டு எழுதி வையுங்கள். வழக்கு முடிந்து ஐந்து வருடமாகிவிட்டது. எழுதுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. இன்று எழுத வேண்டியது இதுதான்: என் கணவர் சுகிர்தனும் மகள் மிதுஷாவும் வருகிற சனிக்கிழமை பின்னேரம் மூன்று நாற்பதுக்கு ரொறன்ரோவில் இறங்குகிறார்கள். விமானச் சீட்டின் படத்தைக் கைபேசியில் இருபது தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். இருபது தடவையும் மூன்று நாற்பதுதான்.

நான் மானிப்பாயை விட்டு வந்தபோது மிதுஷாவுக்கு நாலு வயது. இப்போது பதினொன்று. இடையில் வளர்த்தது சுகிர்தனின் தமக்கை, அவளுடைய மாமி.

காலையில் என் வேலையான பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி முடித்ததும் நேரே கடைக்குப் போனேன். கட்டில், மெத்தை, விரிப்பு, தடித்த கோட், பனிச் சப்பாத்து. சப்பாத்துக்கு எந்த அளவு என்று கடைப் பெண் கேட்டாள். மூன்று என்றேன். "பிள்ளையின் கால் அளவு நிச்சயமாகத் தெரியுமா?" என்று திரும்பக் கேட்டாள். என் பிள்ளையின் கால் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நேற்று தொலைபேசியில் கதைத்தபோதும் மிதுஷா "ஹலோ" என்றுதான் தொடங்கினாள். சாப்பிட்டாயா? ஓம். பெட்டி அடுக்கியாச்சோ? ஓம். அப்பாட்டைக் குடுக்கட்டா? அவ்வளவுதான். வெட்கமாக இருக்கும். பதினொரு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தானே.

பெப்ரவரி 4, புதன்

வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரை பெரும் பனிப்புயலாம். பதினைந்திலிருந்து நாற்பது சென்ரிமீற்றர் வரை கொட்டலாம் என்கிறார்கள். நான் விமானச் சீட்டின் படத்தைத் திரும்பவும் திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு நாச்சிமுத்து ஐயாவுக்கோ இன்றைக்கே தீபாவளி.

இவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். உடுமலைப்பேட்டைக்காரர். அங்கே நூல் மில் ஒன்றில் முப்பத்துநாலு வருடம் மாஸ்டராக இருந்துவிட்டு, மனைவியோடு மகன் வீட்டுக்கு வந்திருப்பவர். பின்வளவில் ஒரு வெள்ளைப் பலகையைப் போட்டு வைத்திருக்கிறார். எப்போது பனி பெய்தாலும் இரும்பு அடிமட்டத்தால் அளந்து எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். போன குளிர்காலத்திலிருந்து நானும் அளந்து போடுகிறேன். அந்த மனிதர் போடும் எண் எனக்கு எப்போதும் கொஞ்சம் ஓவராகத் தெரியும், அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா? போன கிழமை அவர் பதினாலு போட்டார், நான் ஒன்பது.

"நடுவால ஒரே ஒரு வேலிதானுங்களே அம்மணி," என்றார் இன்று, குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு. "பனிக்கு உங்க ஊட்டுக்கு மட்டும் வழி தெரியாமப் போயிருதுங்களா?"

"உங்கட பலகைக்குப் பசி கூட ஐயா," என்றேன்.

சுகிர்தனுக்குத் தொலைபேசி அடித்துப் பனி வரப்போவதைச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். பதினைந்து என்றேன்.

பெப்ரவரி 5, வியாழன்

கட்டிலைப் பூட்டி முடித்தேன். ஒரு ஆணி மிச்சம். எங்கே போகவேண்டிய ஆணி என்று தெரியவில்லை, ஆனால் கட்டில் ஆடவில்லை.

பெப்ரவரி 6, வெள்ளி

கொழும்பில் ஏறிவிட்டார்கள். கட்டாரில் மாறி வருகிறார்கள்.

பள்ளிக்கூடங்களை மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். என் பஸ்ஸின் கடைசிப் பிள்ளையை இறக்கும்போது முதல் பனி விழுந்தது. திங்கள் முதல் புதன் வரை விடுப்பு எடுத்திருக்கிறேன் என்று அலுவலகத்தில் ஞாபகப்படுத்தினேன். "இந்தப் பனியில் எப்படியும் எல்லாருக்கும் விடுப்புத்தான்," என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விரிப்பையும் போர்வையையும் இரண்டாம் தடவை தோய்த்து ட்ரையரில் போட்டேன். புதுத்துணி மணம் அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். பின்னேரம் ஏழு மணிக் கணக்கு: நாச்சிமுத்து ஐயா எட்டு. நான் நாலு. நான் அளப்பது பின்கதவுப் படியில். படி தட்டையானது, அளக்க வசதி. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 7, சனி

காலை 7 மணி. ஐயா இருபத்தாறு, நான் பதினொன்று. "இது என்ன கொடுமை?" என்று தெருவில் யாரோ குழுவில் சிரிக்கிற முகம் போட்டிருக்கிறார்கள். பதினொன்று என்றால் விமானம் இறங்கலாம். போன மாதம் பன்னிரண்டிலேயே இறங்கியிருக்கிறது, தேடிப் பார்த்தேன்.

காலை 11. பதினாலு. தலையணை உறைகளையும் தோய்த்தேன். எதிர்வீட்டு ஜமேக்காக்காரர் தன் பனி ஊதும் இயந்திரத்தை வெளியே எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார்.

பின்னேரம் 3.05. விமானம் இறங்கினால் புறப்படலாம் என்று வீட்டிலேயே நிற்கிறேன். கைபேசி வரைபடத்தில் அவர்களுடைய விமானம் ஏரிக்கு மேலே சுற்றுகிறது. இரண்டு சுற்று. மூன்று. இறங்கு, இறங்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு அந்தச் சின்ன மஞ்சள் விமானம் மூக்கைக் கிழக்கே திருப்பியது.

பின்னேரம் 6 மணி. மொன்றியலில் இறக்கிவிட்டார்கள். ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர். குடிவரவு முத்திரையெல்லாம் அங்கேயே குத்தியாயிற்றாம். ஒரு ஹொட்டேல் அறை கொடுத்திருக்கிறார்களாம். சுகிர்தன் களைத்துப்போன குரலில், "உயிரோட வந்திட்டம் மலர், பயப்பிடாதையும்," என்றார். மிதுஷா நித்திரையாம்.

அவள் நித்திரையாக இல்லை. ஏழு மணிக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அப்பாவின் தொலைபேசியிலிருந்து, ஆனால் அவள் எழுதியது. அவளாக எனக்கு எழுதிய முதல் செய்தி:

"அங்க எத்தனை சென்ரிமீற்றர்? இங்க யன்னலுக்கு வெளியில அடிமட்டத்தால அளந்தன். 5."

அடிமட்டத்தை மானிப்பாயிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்! நான் உடனே ஓடிப்போய்ப் படியை அளந்தேன். பத்தொன்பது. எழுதினேன்.

"அப்ப நாளைக்கு வரலாமோ?"

"ஓம், நாளைக்கு," என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் குழுவைப் பார்த்தேன். நாச்சிமுத்து ஐயா ஐம்பத்திரண்டு போட்டிருந்தார். என் எண்ணைக் குழுவில் போடவில்லை. பிள்ளைக்குச் சொல்லியாயிற்று, அது போதும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு மிதுஷா வீடியோவில் வந்தாள். தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"பத்தொன்பது எண்டு சொன்னீங்கள். ரீவியில ரொறன்ரோவைக் காட்டுறாங்கள். கார் எல்லாம் மூடுபட்டுப்போய்க் கிடக்கு. ரெயினும் இல்லையாம், பஸ்ஸும் இல்லையாம்."

"எங்கட வீட்டடியில குறைவு, செல்லம்..."

"நீங்கள் எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவீங்கள்." குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "போகேக்க ஒரு வருசம் எண்டீங்கள். பிறகு பெரிய லீவுக்கு எண்டீங்கள். பிறகு பேப்பர் வந்திட்டுது, மூண்டு மாசம் எண்டீங்கள். நான் ஒவ்வொரு முறையும் கலண்டர்ல வட்டம் போட்டனான். மாமிதான் பிறகு அந்தத் தாளைக் கிழிச்சு எடுக்கிறவ."

சுகிர்தன் பின்னால் நின்று, "மிது, அப்பிடிக் கதைக்கக்கூடாது," என்பது கேட்டது. பிறகு படம் நின்றுவிட்டது.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று முதலில் எழுதினேன். அதை வெட்டிவிட்டேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஏழு வருடம் என்று முன்பே தெரிந்திருந்தால் நான் விமானம் ஏறியே இருக்க மாட்டேன். ஒரு வருடம் என்று அவளுக்குச் சொன்னது, எனக்கும் சேர்த்துத்தான்.

பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பின்வளவில் பனி முழங்கால்வரை ஏறியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து ஐயா குரங்குத் தொப்பியோடு பலகையைத் துடைப்பத்தால் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்கட அடிமட்டத்தைக் கொண்டு இஞ்சால ஒருக்கா வாங்கோ. எனக்கு உண்மையான கணக்கு ஒண்டு வேணும்."

என் முகத்தைப் பார்த்தார். பகிடி விடவில்லை. சுற்றி வரப் பாதை இல்லாததால் எழுபதை நெருங்கும் மனிதர் வேலி மேல் ஏறி என் பக்கம் தொப்பென்று விழுந்தார். எழுந்து, பனியைத் தட்டிக்கொண்டு, என் பின்படியைப் பார்த்தார். பிறகு படிக்கு மேலே சுவரில் இருக்கும் குழாயைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இது துணி காயப்போடற மெஷினோட குழாயிங்களா?"

"ஓம்."

"சூட்டுக் காத்து புசுபுசுன்னு இங்கதான் வருதுங்களே. பனி உழுக உழுக உருகிப்போவாதுங்களா? ரெண்டு நாளா நீங்க ஓயாம மெஷினு வேற ஓட்டிக்கிட்டிருந்தீங்க. எங்க ஊட்டுக்கே சத்தம் கேட்டுச்சு."

எனக்கு அது தெரியாது என்று எழுத ஆசைதான். குழாய் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். யோசிக்காமல் இருந்துகொண்டேன்.

"ஆனா என்ரதும் சுத்தக் கணக்கு இல்லீங்க," என்றார் அவர், காதைச் சொறிந்துகொண்டு. "மில்லுல மணிக்கொருக்கா ரீடிங் எடுத்து எழுதோணும். கை அதையேதான் பண்ணுது. மணிக்கொருக்கா அளந்து, பலகையத் தொடைச்சு, மறுக்கா மொதல்ல இருந்து. அத்தனையும் கூட்டிப் போடறேன். பனி படுக்கறதுக்கு நான் நேரமே உடறதில்லீங்க. டிவில ஒரு பொண்ணு சொல்லித்தான் இன்னிக்குக் காலைல தெரிஞ்சுது. எப்படிக் குழுவுல சொல்றதுன்னு முழிச்சுட்டு நிக்கறேன்."

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இரண்டு குளிர்காலம் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றோமே, இரண்டு பேருடைய கணக்கும் பிழை.

யாரும் மிதிக்காத, கூரைப் பனி சரிந்து விழாத மூன்று இடத்தில் அடிமட்டத்தைக் குத்திப் பார்த்தோம். நாற்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று.

அப்படியே பனிக்குள் நின்று மிதுஷாவுக்குக் குரல்செய்தி அனுப்பினேன். "மிது, நாப்பத்தொண்டு. சரியா அளந்து சொல்லுறன். இன்னும் கொட்டுது. நாளைக்கு வரேலாது. நாளையிண்டைக்கு ரெயின் ஓடும் எண்டு சொல்லுறாங்கள், ஆனா அதுவும் நிச்சயமில்லை. எனக்குத் தெரியாது. ஏழு வருசமும் எனக்குத் தெரியாமத்தான் சொன்னனான். தெரியாது எண்டு சொல்லப் பயமா இருந்தது."

ஒரு மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. சமைத்தேன், சாப்பிடவில்லை. பிறகு ஒரு சொல் வந்தது: "சரி."

அதற்குக் கீழே இன்னொன்று: "உங்களுக்கு வீட்டில சாப்பாடு இருக்கோ?"

பெப்ரவரி 9, திங்கள்

பனி விட்டது. கடைசிக் கணக்கு நாற்பத்துநாலு. இந்த முறை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே எண் போட்டோம். குழுவில் நம்பாமல் மூன்று பேர் கேட்டார்கள்.

மாநகரசபை வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போனது. போகும்போது ஒவ்வொரு வீட்டு வாசலையும் இறுகிய பனியால் அடைத்துவிட்டுப் போனது. என் கார் அதற்குள்ளே. அணை இடுப்பளவு. அதை அப்படியே மிதுஷாவுக்கு எழுதினேன்: இடுப்பளவு, கல்லு மாதிரி, எத்தனை மணித்தியாலம் எடுக்கும் எண்டு சொல்லத் தெரியேல்லை. அவள் படம் கேட்டாள். அனுப்பினேன். "கடவுளே" என்று பதில் வந்தது.

நானும் ஐயாவும் வெட்டினோம். பிறகு ஐயாவின் மகன் வந்தார். ஜமேக்காக்காரர் இயந்திரத்தோடு வந்து, "யார் வருகிறார்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் வாசலை அப்படியே விட்டுவிட்டு என் வாசலில் இயந்திரத்தை ஓட்டினார். அவருடைய தாயும் அப்படித்தானாம், தனியாக வந்து ஆறு வருடத்துக்குப் பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட்டு எடுத்தவராம். "முதல் கிழமை நான் அவவோடு ஒரு வார்த்தை பேசவில்லை," என்றார். "இரண்டாம் கிழமை என்ன நடந்தது?" என்றேன். "பசித்தது," என்றார்.

நாளை ரெயின் ஓடுகிறது. எங்கள் வீட்டுக்குக் கிட்டிய ஒஷாவா நிலையத்துக்கு ஒன்று இருபதுக்கு வரும். பிந்தலாம் என்றும் சேர்த்து மிதுஷாவுக்கு எழுதினேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

பிந்தியது. மூன்று ஐந்துக்குத்தான் வந்தது.

சுகிர்தன் முதலில் இறங்கினார். நெற்றி மேலே ஏறிவிட்டது, தாடி வெளுத்துவிட்டது. கைபேசித் திரையில் அதெல்லாம் எனக்குத் தெரிந்ததே இல்லை. பின்னால் ஒரு உயர்ந்த பெண்பிள்ளை இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வேறு யாருடைய பிள்ளையோ என்று ஒரு கணம் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

என் காது வரை நிற்கிறாள். கட்டிப்பிடித்தேன். அவள் என் கையை விலக்கவும் இல்லை, தன் கையைப் போடவும் இல்லை. சரி, பரவாயில்லை.

காத்திருப்பறையில் பனிச் சப்பாத்தைக் கொடுத்தேன். குதிகூட உள்ளே போகவில்லை. அவளுடைய கால் இப்போது ஆறாம் அளவு.

"இது சின்னப்பிள்ளையின்ர சப்பாத்து," என்றாள்.

"ஓம். நான் உன்ர நாலு வயசுக் காலைத்தான் மனசில வச்சு வாங்கியிருக்கிறன் போல."

அவள் சப்பாத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் சப்பாத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டேன். கச்சிதமாக இருந்தது. நான் சுகிர்தனின் இரண்டு சோடிக் காலுறையையும் அவருடைய செருப்பையும் மாட்டிக்கொண்டு கார்வரை தத்தித் தத்திப் போனேன். அவள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

காரில் ஏறியதும், "வீட்டுக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

இருபது நிமிஷம் என்று வாய் வரை வந்துவிட்டது. "வழமையா இருபது நிமிஷம். இண்டைக்கு ரோட்டு இப்பிடிக் கிடக்கு. முக்கால் மணித்தியாலம், கூடவும் போகலாம்."

ஐம்பது நிமிடம் எடுத்தது. நாற்பதாவது நிமிடத்தில் பின்னால் குறட்டை கேட்டது. இரண்டு பேருமே.

பெப்ரவரி 11, புதன்

நாச்சிமுத்து ஐயாவும் மனைவியும் ஒப்புட்டு என்னும் இனிப்புப் போளி கொண்டுவந்தார்கள். மிதுஷா மூன்று சாப்பிட்டாள். பிறகு ஐயாவோடு போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "மணிக்கொருக்காத் துடைச்சாக் கூடத்தானே வரும், அது கூடத் தெரியாதோ உங்களுக்கு?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். நான் பல்லைக் கடித்தேன். அவர் பூரித்துப்போனார். "என்ர மில்லுல இருந்திருந்தா இந்நேரம் சூப்பர்வைசரு ஆக்கியிருப்பேன் கண்ணு," என்றார்.

என்னை இன்னும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. தேவையென்றால் நான் நிற்கும் இடத்துக்கு வந்து பேசுகிறாள். காலையில் மட்டும் ஆறு தடவை வந்தாள். எண்ணவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பின்னேரம் என் பஸ் யூனிபோர்ம் மேற்சட்டை கதவில் தொங்குவதைக் கண்டுவிட்டாள்.

"நாளைக்கு எங்க போறீங்கள்?"

"வேலைக்கு. லீவு முடிஞ்சுது. நீ வாற செவ்வாய்க்கிழமைதான் பள்ளிக்கூடம். அதுவரைக்கும் அப்பா வீட்டில இருப்பார்."

"எத்தனை மணிக்கு வருவீங்கள்?"

நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னேன். "ஆறேகாலுக்குப் போவன். ஒன்பதே காலுக்கு வந்திடுவன். பிறகு ரெண்டு மணிக்குத் திரும்பவும் போகவேணும்."

தலையாட்டினாள்.

பெப்ரவரி 12, வியாழன்

தெருமுனைகளில் பனி மலைபோல் கிடக்கிறது, பிள்ளைகள் ஏறும் இடமே தெரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் ஒரு சின்னவன் ஒற்றைக் கையுறையை பஸ்ஸுக்குள் தொலைத்துவிட்டு அழுதான். ஆசனத்துக்குக் கீழே தவழ்ந்து தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தால், மிதுஷா உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சுகிர்தன் அவளுக்குப் பின்னால் நின்று, நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கையால் சைகை காட்டினார். வெளியே பார்த்துக்கொண்டு எட்டேமுக்காலிலிருந்து அங்கேயே நிற்கிறாளாம்.

"ஒன்பதே கால் எண்டுதானே சொன்னனீங்கள் அம்மா? இப்ப ஒன்பது இருபத்தஞ்சு."

நான் வாசலில் நின்றபடியே காரணம் சொன்னேன். பனி மலை, சின்னவன், கையுறை, ஆசனத்துக்குக் கீழே தவழ்ந்தது, ஒன்று விடாமல். கையுறையை இரண்டு தடவை சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். அந்தப் பொடியனுக்குக் கையுறை கிடைத்ததா என்று விசாரித்தாள். கிடைத்தது என்றேன்.

"சரி, உள்ளுக்கு வந்து கதவைச் சாத்துங்கோ," என்றாள். "வீடெல்லாம் குளிருது."